நாளைக்குத் தண்ணி யாரு பிடிப்பா

என் மனைவி செண்பகவல்லி இறந்த மூன்றாம் நாள், வீட்டில் இருபத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் மகள் மாரிசெல்வியை நான் அறைந்தேன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. இதை எழுதாமல் மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

என் பெயர் பிரம்மநாயகம். தாராவியில் லேபர் கேம்ப் பக்கம் எங்கள் ரூம். பை தைக்கும் கார்கானா ஒன்றில் தோல் வெட்டுகிறேன். மராத்தியும் இந்தியும் கொஞ்சம் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சந்துக்காரர்கள் ஃபாரங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, ஆதாரில் விலாசம் மாற்ற, விதவைப் பென்ஷனுக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு. ஒவ்வொரு கேள்வியையும் படித்துச் சொல்லி, பதில் கேட்டு, நிரப்பிக் கொடுப்பேன். "நாயகம் அண்ணாச்சி எழுதுன ஃபாரத்தை எந்த ஆபீஸ்லயும் திருப்ப மாட்டான்" என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

ஆகஸ்ட் மழையில் செண்பகத்துக்கு டெங்கு வந்தது. ஐந்தே நாள். ஒன்பதாம் தேதி போய்விட்டாள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களிடம் துட்டி கேட்பது என்று ஒரு முறை இருக்கிறது. சாவு வீட்டுக்கு வரும் பெண்கள் சந்து முனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு, அழுதுகொண்டே உள்ளே வருவார்கள். இறந்தவருக்கு நெருங்கிய பெண் யாரோ அவளைக் கட்டிப் பிடித்து, தோளில் முகம் வைத்து, சத்தமாக அழுவார்கள். அவளும் அவர்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். ஒரு கூட்டம் போனதும் அடுத்த கூட்டம் வரும். எங்கள் வீட்டில் செண்பகத்தை விட்டால் இருந்த ஒரே பெண் செல்விதான். அம்பர்நாத்திலிருந்து வந்த என் அக்கா முப்பிடாதியம்மாள் செல்வியை வாசலுக்கு நேராகப் பாயில் உட்கார வைத்தாள்.

முதல் நாள் செல்வி நன்றாக அழுதாள். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். வந்தவர்களைக் கட்டிக்கொண்டாள். அக்கா ராகம் இழுத்த மாதிரியே இழுத்தாள். அக்கா எந்த இடத்தில் மூச்சை நிறுத்தினாளோ அந்த இடத்தில் நிறுத்தினாள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் கேட்டது.

"என் தம்பி வீட்டு வெளக்கே, என்னத் தவிக்க விட்டுப் போனியே."

அது அக்கா பாடிய வரி. செல்விக்குத் தம்பி கிடையாது. அழுத குரலும் அக்காவின் குரலாகவே இருந்தது. எனக்கு ஒரு நொடி எதுவோ உறுத்தியது. பக்கத்து ரூம் அம்மிணி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "பாவம், துக்கத்துல பிள்ளைக்கு வார்த்தையெல்லாம் கொழம்பிப் போச்சு" என்றாள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாளும் உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை. சட்டைக் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டு, அதன் ஓரத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் அம்பர்நாத்திலிருந்து அக்காவின் ஆட்கள் எட்டுப் பெண்கள் ரயிலில் வந்தார்கள். மழையில் நனைந்த சேலையோடு ஒருத்தி கட்டிப் பிடித்தாள், இரண்டாமவள் பிடித்தாள். மூன்றாமவள் பிடித்தபோது செல்வி அவளைத் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் பாத்திர அடுக்கின் மேல் போய் விழுந்தாள். செல்வி இரும்பு ஏணியில் ஏறி, மேலே பலகை போட்ட மாடிக்குப் போய், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, எறங்கி வாட்டி" என்றாள் அக்கா. "வந்தவுகளைத் தள்ளி விட்டுட்டு மேல போயி உக்காந்திருக்கியே, நீயெல்லாம் பொம்பளப் பிள்ளையா?"

சத்தம் கேட்டு நான் உள்ளே வந்தேன். என்னைப் பார்த்ததும் செல்வி காதிலிருந்து கையை எடுத்தாள். அழுகை, நடுக்கம் எதுவும் இல்லாத குரலில், பஸ் எப்போது வரும் என்று கேட்பது போலக் கேட்டாள்.

"அப்பா, நாளைக்குத் தண்ணி யாரு பிடிப்பா?"

எங்கள் சந்தில் விடிகாலை நாலரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஐந்தேகாலுக்கு நின்றுவிடும். செண்பகம்தான் எழுந்து பிடிப்பாள். கூட செல்வியும் எழுந்து நிற்பாள்.

வந்தவர்களில் ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "பெத்தவ போயி மூணு நா ஆவல. பிள்ளைக்குத் தண்ணிக் கவலை வந்துட்டு."

"கல்லுல அடிச்ச பிள்ளை" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏணியில் ஏறினேன். செல்வியின் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கி, "உங்கம்மாவுக்காக ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வரலியே" என்று சொல்லி அறைந்தேன். அவள் அழவில்லை. என் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்ப் பாயில் உட்கார்ந்தாள். மீதி ஐந்து பேரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மரக்கட்டை போல இருந்தாள். ராகம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் நாலரை மணிக்குத் தானே எழுந்து ஹோஸ் பைப்பை மாட்டித் தண்ணீர் பிடித்தாள். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போக எனக்கு முகம் இல்லை.

இனி அதற்கு முந்திய கதையைச் சொல்ல வேண்டும். அதுதான் இன்னும் கேவலம்.

செண்பகம் மாட்டுங்காவில் பாகீரதி என்கிற மாமி வீட்டில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள். சனிக்கிழமைகளில் செல்வியையும் கூட்டிக்கொண்டு போவாள். போன வருடம், அதாவது அவள் இறப்பதற்கு ஐந்து மாதம் முன்னால், மாமி சொன்னார் என்று செல்வியைப் பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் ஃபாரம் எழுத வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஆறு பக்கம். பிள்ளை எப்போது பேசியது, எதற்குப் பயப்படும், யாரோடு விளையாடும் என்று கேள்விகள். மேலே ஆட்டிசம் என்று போட்டிருந்தது.

எனக்கு அந்த வார்த்தை தெரியும். கார்கானாவில் என்னோடு வேலை பார்க்கும் சிராஜின் மகனுக்கு அது. எட்டு வயது வரை பேச்சு வரவில்லை. சுவரில் தலையை முட்டுவான்.

"சிராஜ் மவன் மாதிரியா இருக்கா நம்ம பிள்ள?" என்றேன். "பேசுதா, சிரிக்கா, ஸ்கூல் விழாவுல ஆடுதா. என்ன எழவு ஃபாரம் இது?"

"பொம்பளப் பிள்ளைக்கு வேற மாதிரி வருமாம். அடுத்தவுகளைப் பாத்துப் பாத்துப் படிச்சி மறைச்சிக்கிடுமாம். வெளிய தெரியாதாம். டாக்டரம்மா சொன்னாவ."

"மறைக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு என்ன நோயி? கெட்டிக்காரின்னு சொல்லு."

"கெட்டிக்காரிதான். அதுலதான் ஓஞ்சி போறா" என்றாள் செண்பகம். "மர்யம் போனதுலேர்ந்து நீங்க பாக்கலியா?"

மர்யம் செல்வியின் சிநேகிதி. இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவள். செல்வி இந்தி பேசினால் மர்யம் பேசுகிற மாதிரியே இருக்கும். தலையைச் சாய்த்து, வாயை ஒரு பக்கமாகக் கோணிச் சிரிக்கிற சிரிப்பும் மர்யமுடையதுதான். எட்டாவது முடிந்ததும் மர்யமின் குடும்பம் தாணேக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு செல்வி பள்ளியில் யாரோடும் சேரவில்லை. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சையில், ஹாலில் மின்விசிறி கிரீச்சிடுகிறது என்று பாதிப் பேப்பரை வெறுமையாக வைத்துவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தாள். 'பிடிவாதக்காரி' என்று டீச்சர் ரிப்போர்ட் கார்டில் எழுதியிருந்தார். நான் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

"பத்தாவதுக்குத் தனி ரூம் குடுப்பாவளாம். நேரமும் கூட குடுப்பாவளாம்" என்றாள் செண்பகம். "இந்த ஃபாரத்தை வச்சி ஆஸ்பத்திரியில குடுக்குற சர்ட்டிபிகேட் இருந்தாத்தான். தீவாளிக்கு முன்னால ஸ்கூல்ல குடுக்கணும். இல்லன்னா ஹால்ல உக்காந்து எப்படி எழுதுவா? ஃபெயிலாயிருவா."

"பைத்தியம்னு சர்க்கார் முத்திரை குத்தி வாங்கிட்டு வந்தா, நாளைக்கு யாரு கட்டுவா?"

ஃபாரத்தை எடுத்து முருகன் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டாள். வேலை இருக்கிறது என்றேன். மூன்றாம் முறை அவள் ஃபாரத்தை எடுத்து வைக்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் எழுதுதீய. நம்ம பிள்ளைக்கு எழுத மாட்டேங்கீய."

அதற்கப்புறம் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் பாகீரதி மாமி கூப்பிட்டு அனுப்பினார். செண்பகத்தின் குடையும், வேலைக்கு உடுத்தும் மாற்றுச் சேலையும் அங்கே கிடந்தன. நான் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு திரும்பப் பார்த்தேன்.

"நாயகம், உள்ளே வந்து உக்காருங்கோ. கேக்கணும்" என்றார் மாமி. நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். "அந்த ஃபாரம் என்ன ஆச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செண்பகம் எங்கிட்ட ஒரு வார்த்தை உங்களைக் குத்தம் சொன்னதில்லை. வேலை ஜாஸ்தி அவருக்குன்னுதான் சொல்லுவா" என்றார். "சாவுக்கு நான் வரலை, முட்டி முடியலை. செல்வி எப்படி இருக்கா?"

"பேச மாட்டேங்கா மாமி. எங்கிட்ட."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

"எம்பொண்ணு வந்தனாவைத் தெரியுமோல்லியோ. புக்காத்துலேர்ந்து திரும்பி வந்துட்டாளே, அவ. முப்பத்தாறு வயசுல டாக்டர் சொன்னார், அவளுக்கும் இதுதான்னு. முப்பத்தாறு வயசு வரைக்கும் நான் என்ன பண்ணிண்டிருந்தேன்? நவராத்திரிக்குப் பட்டுப்பாவாடையைக் கட்டி ஒரு நாளைக்கு ஆறு ஆத்துக் கொலுவுக்கு இழுத்துண்டு போவேன். பாடுன்னா பாடுவா. சிரின்னா சிரிப்பா. என்ன சமத்துன்னு எல்லாரும் சொல்லுவா. ஆத்துக்கு வந்ததும் பாத்ரூம்ல தாப்பாப் போட்டுண்டு தலையைச் சுவத்துல இடிச்சுப்பா. நான் வெளியில நின்னு, கர்வம் பிடிச்சவளேன்னு திட்டுவேன்." மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க செல்வி பால்கனிக் கண்ணாடியில பாத்துண்டு, யாரோ மாதிரி சிரிச்சுப் பழகிண்டிருந்தா. வந்தனாவை அப்படியே பாத்த மாதிரி இருந்துது. அதான் செண்பகத்துக்கிட்ட சொன்னேன்."

"அவ வார்த்தையை நான் கேக்கல மாமி."

"நான் டாக்டர் வார்த்தையையே ரெண்டு வருஷம் கேக்கலை" என்றார் அவர். பிறகு ஒன்று சொன்னார். "செல்விக்குத் தாங்காமப் போனா செண்பகம் கையை இப்படி நீட்டுவா, பாத்திருக்கேளா? தொட மாட்டா. சும்மா நீட்டிண்டு வெச்சிருப்பா. அவளா வந்து வெப்பா."

பார்த்திருக்கிறேன். பல முறை பார்த்திருக்கிறேன். கரண்டியோ துணியோ எதையோ எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து காலண்டருக்குப் பின்னாலிருந்து ஃபாரத்தை எடுத்தேன். பெயர், பிறந்த தேதி, விலாசம் எழுதினேன். முதல் வார்த்தை எப்போது பேசினாள்? தெரியவில்லை. எந்தச் சத்தம் ஆகாது? மின்விசிறி என்று எழுதினேன். எந்தத் துணி ஆகாது, எந்தச் சாப்பாடு ஆகாது? தெரியவில்லை. பயந்தால் என்ன செய்வாள்? கலங்கினால் எது அவளை ஆற்றும்? பேனாவை மூடி வைத்தேன். சந்தில் யாருக்கு எந்த வருடம் கல்யாணம் ஆனது, யாருடைய மாமியார் பேரில் ரேஷன் கார்டு இருக்கிறது என்றெல்லாம் எனக்குத் தெரியும். ஆறு பக்கத்தில் என்னால் நிரப்ப முடிந்தது அரைப் பக்கம்.

அக்டோபரில் செல்வியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் வருவாளா என்று சந்தேகமாக இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போணும். அம்மா கூட்டிட்டுப் போன எடம்" என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

டாக்டரின் பெயர் சுஷ்மா. இளம் வயது. செல்வியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, மம்மி வரவில்லையா என்று இந்தியில் கேட்டார். இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் செல்வியை உட்காரச் சொன்னார். பிறகு ஃபாரத்தை வாங்கிப் புரட்டினார். வெற்றுப் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன.

"இதில் ஒன்றும் இல்லையே" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். இந்தியில் சொன்னதால் அது இன்னும் மொட்டையாக ஒலித்தது. நான் எழுதிய ஃபாரத்தை ஒருவர் போதாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் அதை என்னிடம் தரவில்லை. செல்வியின் முன்னால் வைத்தார். "உனக்குத் தெரிந்ததை நீயே எழுது. தெரியாததை விட்டுவிடு. பக்கத்து அறையில் யாரும் இல்லை, ஃபேனும் போடவில்லை."

செல்வி உள்ளே போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே வந்து ஃபாரத்தை டாக்டரிடம் கொடுத்தாள். அவர் முழுக்கப் படித்தார். படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "பெற்றோர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்."

ஆங்கிலத்தில், பிரித்துப் பிரித்து, ஒரே அளவு எழுத்தில் எழுதியிருந்தாள். எந்தத் துணி ஆகாது: கழுத்தில் லேபிள் உள்ளது, ஈரச் சேலை. எந்தச் சத்தம்: பலர் ஒரே நேரத்தில் அழுவது. மற்றவர்களோடு எப்படிப் பழகுவாள்: மர்யம் மாதிரி. மர்யம் இல்லாவிட்டால் தெரியாது. கலங்கினால் எது ஆற்றும்: அம்மா கை நீட்டுவாள். தொட மாட்டாள்.

கடைசிப் பக்கத்தில், சமீபத்தில் குடும்பத்தில் நடந்த மாற்றங்கள் என்று ஒரு கட்டம். அதில் மூன்று வரி.

ஆகஸ்ட் 9 அம்மா இறந்தாள்.

ஆகஸ்ட் 11 அப்பா அடித்தார்.

ஆகஸ்ட் 12 முதல் தண்ணீர் நான் பிடிக்கிறேன்.

அதற்குக் கீழே, எல்லா ஃபாரத்திலும் இருக்கிற வரி. மேலே சொன்னவை யாவும் நான் அறிந்தவரை உண்மை. அதன் பக்கத்தில் கையெழுத்துக்குக் கோடு. இந்த வரியை எத்தனையோ பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். "அது சும்மா, எல்லாத்துலயும் இருக்கும், போடுங்க" என்பேன்.

நான் பேனாவை எடுக்க நேரமானது. டாக்டர் காத்திருந்தார். செல்வி சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

"இந்தப் பதினொன்றாம் தேதி என்ன நடந்தது?" என்றார் டாக்டர்.

செல்வியை வைத்துக்கொண்டே சொன்னேன். துட்டி கேட்பதைச் சொன்னேன். மாடி ஏறியதைச் சொன்னேன். தண்ணீர் யார் பிடிப்பது என்று கேட்டதைச் சொன்னேன்.

"நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?"

"பதில் சொல்லல. அடிச்சேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் ஃபாரத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, அடுத்த பரிசோதனைக்கு என்றைக்கு வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் கூட்டம் இல்லை. நான் செல்வியின் பக்கத்தில், ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றேன்.

"அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல" என்றேன். "நாளைக்குத் தண்ணி நான் பிடிக்கேன்."

அவள் வரும் பஸ்ஸின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாலரைக்கு எழுந்தேன். எனக்கு முன்பே அவள் எழுந்து குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். பைப்பை எடுத்து நீல டிரம்முக்குள் விட்டேன். அவள் அதை வெளியே எடுத்தாள்.

"மொதல்ல குடிக்கிற தண்ணி" என்றாள். "செம்புக் குடம். அப்புறம் எவர்சில்வர். டிரம் கடைசி. டிரம்முல மொதல்ல விட்டா குடிக்கிறதுக்குக் கலங்கலா வரும்."

இரண்டு மாதம் கழித்து என்னிடம் பேசியது அதுதான். சரி என்றேன். செம்புக் குடத்தில் விட்டேன். அவள் பக்கத்தில் நின்றாள். குடம் நிறைந்ததும் நான் தூக்க, அவள் பைப்பை மடித்துப் பிடித்தாள். செண்பகம் தூக்கும்போதும் அப்படித்தான் பிடித்திருப்பாள் போலிருக்கிறது. பதினைந்து வருடம் நான் அதற்குப் பக்கத்தில் தூங்கியிருக்கிறேன்.

மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போனோம். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு சர்ட்டிபிகேட்டைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன். மார்ச்சில் அவளுக்குத் தனி அறை கிடைத்தது. பாஸாகிவிட்டாள், கணக்கில் மட்டும் மார்க் குறைவு. ரிசல்ட்டைப் பார்த்ததும் முதலில், "மர்யமுக்கு என்ன மார்க்?" என்று கேட்டாள். விசாரித்துச் சொன்னேன்.

செண்பகத்தின் வருட நினைவு நாளுக்கு அக்கா வந்தாள். கூட அம்பர்நாத் பெண்கள் சிலரும், எங்கள் சந்துப் பெண்களும். அந்த நாளில் எங்கள் பெண்கள் மறுபடி ஒரு முறை கட்டி அழுவார்கள். செல்வியிடம் முந்தின வாரமே சொல்லியிருந்தேன். யாரெல்லாம் வருவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள், எப்போது போவார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள், எழுதிக் கொடுத்தேன். அவள் மேலே மாடியில் இருப்பதாக முடிவானது.

நான் வாசலில் நின்றுகொண்டேன். "செல்வி மேல இருக்கா. கீழ வரமாட்டா. யாரும் கூப்பிட வேண்டாம்."

"பின்ன யாரைக் கட்டி அழ?" என்றாள் அக்கா. "சொவத்தையா?"

அம்மிணி சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில சீட்டு வாங்கி வச்சிருக்கியாமே" என்றாள் அக்கா. "நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் வந்தா வெத்தல பாக்கோட அதையும் தாம்பாளத்துல வப்பியோ?"

"வப்பேன்" என்றேன்.

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு."

அப்போதுதான் சொன்னேன். பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது. "போன வருசம் நான் பிள்ளைய அடிச்சது தப்பு. அவ அம்மாவுக்கு அழலைன்னு சொன்னிய. இத்தனை பேருல, செண்பகம் செஞ்ச வேலைய நாளைக்கு யாரு செய்வான்னு கேட்டது அவ ஒருத்திதான்."

என் குரல் எழும்பவில்லை. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சந்தில் சிலிண்டர் வண்டிக்காரன் சாவியால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனான். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. "என்ன சொன்னான்?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டாள். இன்னொரு தரம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடிக்கிறபோது எனக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக ரேஷன் கார்டு பற்றியோ சர்க்கார் திட்டங்கள் பற்றியோ எழுதிக் கொடுப்பேன். இந்தத் தடவை இதை எழுதினேன். அன்றைக்கு வீட்டில் இருந்த முக்கால்வாசிப் பேர் வீட்டுக்கு அந்த மலர் போகும்.

கொடுப்பதற்கு முன்னால் செல்வியிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நானே படித்துக் காட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முடியும் வரை கேட்டாள். போடட்டுமா என்று கேட்டேன்.

"போடுங்க. ஆனா தப்பு இருக்கு" என்றாள். "முப்பது பேர் பாக்கன்னு எழுதியிருக்கீங்க. முப்பது இல்ல. இருபத்தாறு. அம்பர்நாத் எட்டு, அத்தை ஒண்ணு, நம்ம சந்து பதினொண்ணு, வாசல்ல எட்டிப் பாத்த அண்ணாச்சிங்க ஆறு."

"அந்த நேரத்துல எண்ணுனியா?"

"ஆமா."

"எதுக்கு?"

அவள் சட்டைக் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீங்க அடிச்சது எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரிஞ்சிக்க" என்றாள்.

முதல் வரியில் திருத்தினேன்.